ஆய்வகத்துக்கு ரோபோ தேர்ந்தெடுப்பது எப்படி? சேலத்திலிருந்து ஒரு முழு வழிகாட்டி

ஆத்தூர்ப் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலை நடத்தும் ஒருவர் போன தை மாதம் என்னைத் தேடி வந்தார். நாற்காலியில் உட்காருமுன்பே கைப்பேசியில் ஒரு வீடியோவைக் காட்டினார். வெள்ளை நிற இயந்திரக் கை ஒன்று குழாயைத் தூக்கி, மூடியைத் திருகிக் கழற்றி, அடுத்த தாங்கியில் பதமாக வைத்தது. "இது எவ்வளவு ஆகும் சார்?" என்றார். "உங்கள் ஆய்வகத்தில் காலை பத்து மணிக்கு யார், என்ன செய்துகொண்டிருப்பார்?" என்று கேட்டேன். சிறிது யோசித்துவிட்டு, "அது தெரியவில்லையே" என்றார்.

ஐந்து ரோட்டுக்குச் சற்றுத் தள்ளி நான் சிறிய பரிசோதனை ஆய்வகம் ஒன்று நடத்துகிறேன். ஜவ்வரிசி, கிழங்கு மாவு, குடிநீர், பால் ஆகியவை எங்களிடம் வரும். இதுவரை இரண்டு ரோபோக்கள் வாங்கியிருக்கிறேன். ஒன்று நன்றாக உழைக்கிறது. மற்றொன்றின் மேல் இப்போது பழைய பதிவேடுகளை அடுக்கியிருக்கிறோம். இந்த வழிகாட்டியில் பாதிக்குமேல் அந்த இரண்டாவது இயந்திரம் கற்றுக்கொடுத்தவை.

முதல் படி: ஒரு நோட்டு, ஒரு கடிகாரம்

விலைப்பட்டியலைத் திறக்கும் முன் இரண்டு வாரம் நேரக்கணக்கு எழுதுங்கள். மாதிரி வந்தது, எண் ஒட்டியது, எடை போட்டது, கரைத்தது, பிப்பெட்டால் (திரவத்தை அளந்து உறிஞ்சி ஊற்றும் கருவி) பிரித்தது, உலர்த்தும் அடுப்பில் வைத்தது, காத்திருந்தது, அளவீட்டைப் படித்தது, பதிவேட்டில் எழுதியது, கணினியில் ஏற்றியது என ஒவ்வொன்றுக்கும் நிமிடக் கணக்கு வேண்டும். வேலை செய்பவரையே எழுதச் சொல்லாதீர்கள். வேலையும் கெடும், கணக்கும் கெடும்.

பிப்பெட் வேலைதான் எங்கள் நேரத்தைத் தின்கிறது என்று நான் சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். நோட்டு அதை ஒப்புக்கொள்ளவில்லை. பாட்டில் மூடியைத் திறப்பதும் மூடுவதும், ஒரே மாதிரியின் எண்ணை மூன்று இடங்களில் திரும்பத் திரும்ப எழுதுவதும்தான் காலை நேரத்தை விழுங்கிக்கொண்டிருந்தன. ஒரு பார்கோடு பிரிண்டரும் இரண்டு ஸ்கேனரும் வாங்கினோம். ரோபோ யோசனை ஓராண்டு தள்ளிப்போனது.

ரோபோவுக்கு ஏற்ற வேலை எது? ஒரே அசைவு நூறு முறை வருவது, அளவு சிறிதாக இருப்பது, மாலைக்குள் ஆய்வாளரின் கட்டைவிரல் வலிப்பது. ஏற்காத வேலை எது? ஒவ்வொரு மாதிரிக்கும் வழிமுறை மாறுவது, கண்ணால் பார்த்து முடிவெடுப்பது, பிறகு வெறும் காத்திருப்பு. ஈரப்பதம் பார்க்க 105 டிகிரியில் மாவு உலர்ந்துகொண்டிருக்கும்போது, எந்த ரோபோவும் அடுப்பை அவசரப்படுத்த முடியாது.

ஆலைக்காரர் இரண்டு வாரம் கழித்து நோட்டோடு வந்தார். அதில் இரண்டு விஷயங்கள் தடித்துத் தெரிந்தன. ஒன்று, மாவுச்சத்து அளக்கும் நொதிப் பரிசோதனை. நொதிகளால் மாவைக் குளுக்கோஸாக உடைத்து, இளஞ்சிவப்பு நிறம் வரவழைத்து, 510 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அதன் அடர்வைப் படிப்பது. ஒரு நாளைக்கு அறுபது மாதிரி, ஒவ்வொன்றுக்கும் ஏழெட்டு முறை பிப்பெட். இன்னொன்று, 'பாயிண்ட்' தகராறு. குச்சிக்கிழங்கை நீரில் அமிழ்த்தி எடைபோட்டு மாவுச்சத்தைக் கணக்கிட்டு, ஒரு பாயிண்ட்டுக்கு இவ்வளவு என்று விலை போடுவார்கள் அல்லவா? எடைமேடை அருகே நடக்கும் அந்த வாக்குவாதம் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்றிருந்தது. "அதற்கும் சேர்த்து ஒரு ரோபோ போட்டுவிடலாமா?" என்று கேட்டார். அதைப் பிறகு பேசுவோம் என்றேன்.

இரண்டாம் படி: உங்கள் திரவத்தை அறிந்துகொள்ளுங்கள்

விற்பனையாளர்கள் செயல்விளக்கத்துக்குத் தெளிந்த நீரோ நிறமூட்டிய நீரோதான் கொண்டுவருவார்கள். நீர் யாருக்கும் தொல்லை தராத திரவம். உங்கள் மாதிரி அப்படியா?

கிழங்கு மாவுப் பாலை எடுத்துக்கொள்வோம். மாவு மணியின் அடர்த்தி நீரைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. 15 மைக்ரான் அளவுள்ள மணி நிமிடத்துக்கு மூன்று நான்கு மில்லிமீட்டர் இறங்கும். கீழே தங்கும் மாவுக்காகத் தொட்டி கட்டிப் பிழைக்கும் ஊர் இது. இங்கே யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் என் முதல் ரோபோவை வாங்கும்போது எனக்கு அது உறைக்கவில்லை.

அந்த இயந்திரம் திரவ மட்டத்தை உணர்ந்து, மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே மட்டும் முனையை இறக்கி உறிஞ்சும். முனையின் வெளிப்புறம் நனையாமல் இருக்க இது நல்ல ஏற்பாடு. தெளிந்த திரவத்துக்கு. நாங்கள் நீள்தொட்டியில் மாவுப் பாலை ஊற்றி, 96 சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டை நிரப்பச் சொன்னோம். முதல் இரண்டு வரிசையில் கெட்டிப் பால். நடுவில் நீர்த்த மோர். கடைசி வரிசையில் அரிசி களைந்த கழுநீர். இயந்திரம் ஒவ்வொரு குழியிலும் அளவு பிசகாமல் ஊற்றியிருந்தது. எதை ஊற்றியது என்பதில்தான் கோளாறு. அந்தத் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த எங்கள் ஆய்வாளர், "சார், இதுவும் சேகோ ஆலைதான் நடத்துகிறது" என்றார்.

வண்டல் இறங்கும் மாதிரி உங்களுடையது என்றால் மூன்று கேள்விகளை முதலிலேயே கேளுங்கள். ஒவ்வொரு முறை உறிஞ்சும் முன்பும் முனையாலேயே கலக்கும் வசதி உண்டா? இயந்திரத்தின் வேலை மேடையில் குலுக்கியோ காந்தக் கலக்கியோ பொருத்த இடம் உண்டா? அகன்ற வாய் டிப் (பிப்பெட்டில் மாட்டிக் கழற்றும் முனை) அந்த இயந்திரத்துக்குக் கிடைக்குமா? மூன்றுக்கும் 'ஆம்' வராத இயந்திரத்தை மாவு ஆய்வகம் வாங்கக் கூடாது.

பால், இரத்த சீரம் போன்றவற்றில் தொல்லை வேறு: நுரை. மின்தேக்க முறையில், அதாவது முனை திரவத்தைத் தொடும்போது வரும் மின் மாற்றத்தை வைத்து, மட்டம் உணரும் இயந்திரங்கள் நுரையையே திரவம் என்று நம்பிக் காற்றை உறிஞ்சும். அதே முறை, மின்கடத்தல் குறைந்த தூய நீரிலும் தடுமாறும். அசிட்டோன், எத்தனால் போன்ற ஆவியாகும் கரைப்பான்கள் டிப் நுனியிலிருந்து சொட்டும். கிளிசரால் போன்ற கெட்டித் திரவம் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். வேகத்தை மாற்றும் உரிமை உங்கள் கையில் இல்லையென்றால் பாதி குழியிலும் பாதி டிப்பிலும் நிற்கும்.

இதனால் உறிஞ்சும் முறையைத் தெரிந்து வாங்க வேண்டும். காற்றுத் தடுப்பு முறையில் உந்துதண்டுக்கும் திரவத்துக்கும் நடுவே காற்று இருக்கும். சுத்தம், எளிமை, பெரும்பாலான வேலைக்குப் போதும். அமைப்புத் திரவ முறையில் குழாய் முழுவதும் நீர் நிரம்பியிருக்கும். நிலையான ஊசியைக் கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம் என்பதால் டிப் செலவு குறையும். ஆனால் குமிழி புகுந்தால் அன்றைய நாள் போனது. நேரடி உந்துதண்டு முறையில் தண்டு திரவத்தையே தொடும். கெட்டித் திரவத்துக்கும் ஆவியாவதற்கும் அதுதான் சரி. டிப் விலை கூடுதல்.

தூளைப் பற்றி ஒரே வரி: மாவை எடைபோட்டு அளக்கும் தானியங்கிகள் உண்டு, ஆனால் ஈரம் குடித்துக் கட்டிபிடிக்கும் கிழங்கு மாவுக்கு அவற்றின் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள்.

மூன்றாம் படி: எந்த வகை உடல்

வீடியோவில் மயக்குவது ஆறு அச்சுக் கை, அதாவது ஆறு மூட்டுகளில் திரும்பும் கை. மேசை அளவு ஆய்வகத்துக்கு வேலை செய்வது பெரும்பாலும் சட்டகத்தில் குறுக்கும் நெடுக்கும் மேலும் கீழும் நகரும் திரவக் கையாளி. தையல் இயந்திரத்தை நினைவூட்டும், பார்க்க அழகில்லை. ஓப்பன்ட்ரான்ஸ் ஓடி-2 போன்ற சிறியவையும், ஹாமில்டன், டெக்கான், பெக்மன் நிறுவனங்களின் பெரிய மேடைகளும் இந்த வகைதான்.

ஒரு கருவியிலிருந்து இன்னொரு கருவிக்குத் தட்டைத் தூக்கிக் கொடுக்க வேண்டும், இரவு முழுவதும் ஓட வேண்டும் என்ற நிலை வந்தால்தான் இயந்திரக் கைக்குப் பொருள் உண்டு. கருவிகள் ஒரே தளத்தில் வரிசையாக இருந்தால் பக்கவாட்டில் வீசித் திரும்பும் நான்கு அச்சு ஸ்காரா கை போதும். ஆட்கள் அருகில் நடமாடும் இடமென்றால் மோதியதும் நின்றுவிடும் கூட்டுழைப்பு ரோபோ. யூனிவர்சல் ரோபாட்ஸின் யூஆர்5இ மாடல் 5 கிலோ தூக்கும், 850 மில்லிமீட்டர் எட்டும், ஒரே புள்ளிக்கு 0.03 மில்லிமீட்டருக்குள் திரும்ப வரும். அந்தக் கடைசி எண்ணைத்தான் எல்லாரும் தவறாகப் படிக்கிறார்கள். அது திரும்ப வரும் திறன். துல்லியம் வேறு. எப்போதும் அரை அங்குலம் குறைத்தே வெட்டும் தையற்காரரிடம் கணக்குச் சொல்லித் திருத்திக்கொள்ளலாம். ஒருநாள் குறைத்தும் ஒருநாள் கூட்டியும் வெட்டுபவரிடம் துணி கொடுக்க முடியாது. ஆய்வக வேலைக்கு இந்தத் திரும்ப வரும் திறனே முதலில் வேண்டும். இடத்தை நாம் கற்றுக்கொடுத்துவிடலாம்.

எந்த உடலானாலும் தட்டு ஒன்றுதான். நீளம் 127.76 மில்லிமீட்டர், அகலம் 85.48. 96 குழித் தட்டில் குழிக்குக் குழி 9 மில்லிமீட்டர், 384 குழித் தட்டில் 4.5. இந்தத் தர அளவுக்கு ஒத்துப்போகாத சொந்தத் தட்டை விற்கும் நிறுவனத்தைக் கண்டால் மரியாதையாகக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். ஆயுளுக்கும் அவரிடமே தட்டு வாங்க வேண்டியிருக்கும்.

இரத்தப் பரிசோதனை நிலையங்களின் தேவை வேறு. அங்கே நகர்வது தட்டு அல்ல, குழாய். 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானின் கோச்சி மருத்துவப் பள்ளியில் மசாஹிதே சசாகி குழாய்களைக் கன்வேயர் பெல்ட்டில் ஓடவிட்டு ரோபோக்களோடு இணைத்தார். இன்றைய பெரிய தானியங்கி வரிசைகளுக்கு அதுதான் முன்னோடி. சாரதா கல்லூரி சாலையில் இருக்கும் நடுத்தர அளவு இரத்த ஆய்வகம் அந்த வரிசையை வாங்க வேண்டியதில்லை. மூடி கழற்றுவது, பார்கோடு பார்த்துப் பிரிப்பது என்ற இரண்டு சிறு இயந்திரங்களே காலை நெரிசலைக் கணிசமாகக் குறைக்கும்.

நான்காம் படி: எத்தனை, எந்த நேரத்தில்

நாள் சராசரியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். இரத்த ஆய்வகத்தில் வெறும் வயிற்றோடு வருபவர்கள் ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் இடையே குவிவார்கள். பிற்பகலில் இயந்திரம் சும்மா இருக்கும். அந்த மூன்று மணி நேரத்துக்குத்தான் வேகம் வேண்டும். விளம்பரத் தாளில் உள்ள 'மணிக்கு இத்தனை மாதிரி' என்பது தட்டு ஏற்கெனவே ஏற்றப்பட்டு, டிப் நிறைந்து, கலக்கல் எதுவும் இல்லாத நிலையில் அளந்தது. உங்கள் வழிமுறையை எழுதிக் கொடுத்து, ஏற்றுவது முதல் இறக்குவது வரை கடிகாரம் பிடிக்கச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: இடம், மின்சாரம், மலை

சேலத்துச் சித்திரை வெயிலில் குளிரூட்டி நின்றுபோன அறையில் 96 குழித் தட்டின் ஓரக் குழிகள் நடுக் குழிகளைவிட முந்தி வறளும். நுண்ணளவு வேலைக்கு அது பிழைதான். குளிரூட்டிக்கும் சேர்த்தே திட்டமிடுங்கள். காற்று நேராக மேடைமேல் வீசவும் கூடாது.

மின்சாரத்துக்கு, மின்தடையின்போது நொடிகூட விடாமல் ஓட்டும் ஆன்லைன் வகை யூபிஎஸ் கட்டாயம். அதைவிட முக்கியம் ஒரு சோதனை: செயல்விளக்கத்தின் நடுவே பிளக்கைப் பிடுங்குங்கள். விற்பனையாளர் முகம் சுளிக்கட்டும். மின்சாரம் திரும்பியதும் இயந்திரத்துக்கு எந்தக் குழிவரை ஊற்றினோம் என்று தெரிகிறதா? டிப்பில் பாதி உறிஞ்சியதை எங்கே கொட்டுகிறது? முழுத் தட்டையும் குப்பையில் போடச் சொல்கிறதா? பதிவேடுகளைச் சுமந்து நிற்கும் என் இயந்திரம் முதல் குழியிலிருந்து மறுபடி ஊற்றத் தொடங்கியது. ஏற்கெனவே நிரம்பிய குழியின் மேலேயே.

ஏற்காட்டில் ஆய்வகம் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சில வார்த்தைகள். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு. காற்றுத் தடுப்புப் பிப்பெட்டில் திரவத்தின் எடை உள்ளிருக்கும் காற்றைச் சற்று இழுத்து விரிக்கும். அழுத்தம் குறைந்த இடத்தில் அந்த விரிவு கூடும், ஏறும் திரவம் சிறிது குறையும். பெரிய அளவுகளில் இது அற்பம். பெரிய டிப்பில் சிறிய அளவு எடுக்கும்போது, அதாவது உள்ளே காற்று அதிகம் இருக்கும்போது, கணக்கில் தெரியும். ஆகவே அடிவாரத்தில் அளவுத்திருத்தம் செய்து மேலே கொண்டுபோன சான்றிதழை நம்பக் கூடாது. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கிப் போன சட்டகம் ஒரு மில்லிமீட்டர் விலகியிருக்கவும் வாய்ப்புண்டு. மேடையின் நாலு மூலைக்கும் மறுபடி இடம் கற்றுக்கொடுத்து, எடைமுறையில் (எட்டாம் படியில் வருகிறது) மறுபடி அளந்தபின்தான் வேலை. மூடுபனிக் காலத்தில் குளிர்த்தட்டின்மேல் நீர் கோத்துக்கொள்ளும். பார்கோடு நனைந்தால் ஸ்கேனர் படிக்காது.

மாடிப்படியின் அகலத்தையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், எங்கள் முதல் இயந்திரம் வாசலில் இரண்டு நாள் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது.

ஆறாம் படி: மென்பொருளும் மனிதரும்

ரோபோவின் மென்பொருளை இயக்கத் தெரிந்த ஒரே ஆள் பெங்களூருக்கு வேலை மாறிப் போனால் என்ன செய்வீர்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியும் மென்பொருளை வாங்குங்கள். படம் இழுத்து வைத்து வழிமுறை அமைப்பது தினசரி வேலைக்கு நல்லது. பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுத இடம் கொடுப்பது வழக்கத்துக்கு மாறான வேலைக்கு நல்லது. இரண்டும் இருந்தால் உத்தமம். ஒவ்வொரு அசைவும் நேரத்தோடு பதிவாக வேண்டும். அந்தப் பதிவை எந்தக் கணினியிலும் திறக்கும் சாதாரண சிஎஸ்வி கோப்பாக வெளியே எடுக்க முடிய வேண்டும். கூடுதல் பணம் கட்டினால்தான் உங்கள் தரவு உங்களுக்கு என்று யாராவது சொன்னால் அந்த நிபந்தனையை எழுத்தில் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.

ஏழாம் படி: விலைப்புள்ளியில் இல்லாத செலவு

நாளொன்றுக்கு 200 மாதிரி, மாதிரிக்கு 3 டிப், மாதம் 26 நாள். மொத்தம் 15,600 டிப். 96 டிப் கொண்ட பெட்டியாகக் கணக்கிட்டால் மாதம் 163 பெட்டி. வேறு நிறுவன டிப்பை அந்த இயந்திரம் ஏற்குமா என்ற கேள்வியின் எடை இப்போது புரியும்.

பழுது பார்ப்பவர் எங்கிருந்து வருவார் என்று கேளுங்கள். பெங்களூர் 200 கிலோமீட்டர், சென்னை அதைவிடத் தூரம். அவர் வருவது ஒரு பொருட்டல்ல, உதிரிபாகத்தோடு வருகிறாரா என்பதே கேள்வி. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் எத்தனை மணி நேரத்துக்குள் வருவார், எந்தப் பாகங்கள் அடக்கம், இயந்திரம் நின்றுபோன நாட்களுக்கு என்ன ஈடு என்பவை எழுத்தில் இருக்கட்டும். வாய்மொழியாக "பார்த்துக்கொள்ளலாம் சார்" என்று சொன்னவர் அடுத்த ஆண்டு வேறு நிறுவனத்தில் இருப்பார்.

எட்டாம் படி: உங்கள் மேசையில் சோதனை

செயல்விளக்கத்துக்கு உங்கள் மாதிரியை நீங்களே எடுத்துப்போங்கள். இரண்டு சோதனைகள் போதும்.

முதலாவது எடைமுறை. நுண்தராசில் குடுவையை வைத்து, 100 மைக்ரோலிட்டர் நீரைப் பத்து முறை ஊற்றச் சொல்லி ஒவ்வொரு முறையும் எடையைக் குறியுங்கள். சராசரி 99.1 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். அறை வெப்பம் 27 டிகிரி என்றால் கடல் மட்ட அழுத்தத்தில் மில்லிகிராமுக்கு 1.0045 மைக்ரோலிட்டர் என்று பெருக்க வேண்டும். விடை 99.55, பிழை அரை சதவீதத்துக்கும் குறைவு. ஐஎஸ்ஓ 8655 தரம், 100 மைக்ரோலிட்டர் ஒற்றைவழிக் கைப் பிப்பெட்டுக்கு 0.8 சதவீதம்வரை அனுமதிக்கிறது. கைக்கு உள்ள வரம்பையாவது இயந்திரம் தாண்டாமல் இருக்க வேண்டாமா? பத்து எடைகளும் ஒன்றோடொன்று எவ்வளவு விலகுகின்றன என்பதையும் பாருங்கள். தானியங்கித் திரவக் கையாளிகளுக்கென்றே 2022-இல் வந்த ஐஎஸ்ஓ 23783 இருக்கிறது. விற்பவருக்கு அது தெரியுமா என்று கேட்டுப் பார்ப்பதே ஒரு சோதனை.

இரண்டாவது சதுரங்கப் பலகை. ஒரு குழியில் நிறம், அடுத்ததில் வெறும் நீர், இப்படி 96 குழியும். நீர்க் குழியில் நிறம் தெரிந்தால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கசிகிறது. நிறத்துக்குச் சமையலறைக் கேசரிப் பவுடரே போதும். கண்ணுக்குத் தெரியாததை, குழிகளின் நிற அடர்வை அளக்கும் மைக்ரோபிளேட் ரீடர் காட்டிக்கொடுக்கும்.

வாங்கியபின் ஒரு மாதமாவது பழைய கைமுறையையும் புதிய இயந்திரத்தையும் ஒரே மாதிரிகளில் இணையாக ஓட்டி ஒப்பிட்டு எழுதிவையுங்கள். என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ளவர்களிடம், மருத்துவ ஆய்வகமானால் ஐஎஸ்ஓ 15189, மற்றவர்களானால் 17025 என்ற தரத்தின்படி அந்தக் காகிதத்தைத்தான் முதலில் கேட்பார்கள்.

ஆலைக்காரர் கடைசியில் வாங்கியது ஒரே நேரத்தில் எட்டுக் குழிகளில் ஊற்றும் எட்டுவழிப் பிப்பெட் கொண்ட மேசை ரோபோ ஒன்று, அதன் மேடையிலேயே பொருந்தும் குலுக்கி ஒன்று, ஒரு பார்கோடு பிரிண்டர். வீடியோவில் பார்த்த கையின் விலையைக் கேட்டுவிட்டு, "அடுத்த பொங்கலுக்குப் பார்க்கலாம்" என்றார். பாயிண்ட் தகராறுக்கு ரோபோ எதுவும் வாங்கவில்லை. எடைமேடைத் தராசுக்கு இரண்டாவது எண்பலகை ஒன்றைப் பொருத்தி, அதை விவசாயிகள் நிற்கும் பக்கமாகத் திருப்பி வைத்தோம். போன வாரம் போயிருந்தேன். டிராக்டரிலிருந்து இறங்கிய பெரியவர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, எண் நிலைக்கும்வரை அசையாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.